ஸ்கேன் நார்மல், தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை

(நமது சங்கத்தின் புனே உறுப்பினர்கள் கூட்டத்தில், பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் கேள்வி-பதில் பகுதியுடன் வெளியிடுகிறோம்.)

 

காரியதரிசி மாமா போன் செய்து, "முழங்கால் வலியைப் பற்றிப் பேசேன், எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். பிசியோதெரபி என்றாலே முழங்கால், இடுப்பு, தோள்பட்டை என்றுதான் நினைப்பு. முழங்காலைப் பற்றி இந்த மேடையிலேயே எனக்கு முன் இரண்டு பேர் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். அதனால் அவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வேறு விஷயம் எடுத்துக்கொண்டேன். தலையில் அடிபடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஸ்கேன் எடுத்து, "பயப்பட ஒன்றுமில்லை, ஆத்துக்குப் போய் ரெஸ்ட் எடுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் ஆகியும் தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், படித்தது மனதில் நிற்காமை என்று அவஸ்தை தொடர்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையால் என்ன செய்ய முடியும் என்பதுதான் இன்றைய விஷயம்.

மூளை அதிர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். கன்கஷன் என்ற வார்த்தை நம்மில் பலருக்குக் கிரிக்கெட் மூலம்தான் அறிமுகமாகியிருக்கும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கி ஆடினார். கன்கஷன் காரணமாக ஒரு ஆட்டக்காரருக்குப் பதில் இன்னொருவர் டெஸ்டில் ஆடியது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகனாகவும் ஆகிவிட்டார். அது நியாயமா என்று பலர் வீட்டில் அன்றைக்குப் பெரிய சர்ச்சையே நடந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி பலமுறை தலையில் அடிபட்டு, 2025-ல் 27 வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். ஆக, 'சின்ன அடி' என்று நாம் சொல்வது எப்போதும் சின்னதாக முடிவதில்லை.

நம் தேசத்தில் கிரிக்கெட் பந்தைவிட ரோடுதான் பெரிய காரணம். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். இது போலீஸுக்குத் தெரிந்து பதிவான கணக்கு. வேகத்தடையில் ஸ்கூட்டர் தூக்கிப்போட்டு, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த மாமி விழுந்து, நாலு பேர் தூக்கி நிறுத்தி, சோடா கொடுத்து அனுப்பிய கதைகள் எந்தக் கணக்கிலும் வராது. அவர்கள்தான் பிற்பாடு என்னிடம் வருகிறார்கள்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனால், எழுப்பினால் சரியாக எழுந்திருக்காமல் மயக்கமாகவே இருந்தால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் பலவீனமானால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிந்தால், அது பிசியோதெரபி சமாசாரமே இல்லை. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்து. இதயத்துக்காக வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுகிறவர்கள் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, மூன்று நாலு வாரம் கழித்து நடையில் தள்ளாட்டமோ மறதியோ வரலாம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது. அன்றைக்கு எடுத்த ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது, ஸ்கேன் நார்மல் என்றால் என்ன அர்த்தம் என்று பார்ப்போம். மண்டை ஓடு உடையவில்லை, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தம். அது மிக நல்ல செய்திதான். ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று ஆட்டம் கண்டால் அதன் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களில் பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுந்து, அந்தச் சமன்பாட்டைச் சரி செய்ய நிறைய சக்தி தேவைப்படுகிறது. அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. இது சி.டி. ஸ்கேனில் தெரியாது. ஓடாத கடிகாரத்தைப் போட்டோ எடுத்தால், கடிகாரம் முழுதாக இருப்பது தெரியும். ஓடவில்லை என்பது தெரியாது அல்லவா, அதுபோல.

பெரியவர்களில் அநேகம் பேருக்கு இரண்டு வாரத்தில், குழந்தைகளுக்கு நாலு வாரத்தில் இது தானாகவே சரியாகிவிடுகிறது. நாலு வாரத்துக்கு மேலும் உபத்திரவம் நீடித்தால்தான் 'நீடிக்கும் அறிகுறிகள்' என்கிறோம்.

சரி, ரெஸ்ட் எடுத்தால் போதாதா என்றால், முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். இருட்டு அறை, டி.வி. கூடாது, புத்தகம் கூடாது, யாரோடும் பேசக்கூடாது. எல்லா அறிகுறியும் போகும் வரை படுத்திரு என்பார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 முதல் 22 வயது வரையுள்ளவர்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் கடுமையான ஓய்வு. இன்னொரு பிரிவுக்கு ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக வழக்கமான வேலை. 2015-ல் முடிவு வெளியாயிற்று. ஐந்து நாள் படுத்தவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. அதோடு, அவர்கள்தான் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர் மாநாட்டின் அறிக்கையும் இதையே உறுதி செய்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் மட்டும் அளவான ஓய்வு. அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம். அதற்குப் பிறகு நடை, சின்னச் சின்ன வேலை என்று தொடங்கிவிட வேண்டும். ஆனால் நம் ஊர்களில் இன்னும் "ஒரு மாசம் படுத்தே இரு" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிரியத்தினால் சொல்கிறார்கள். பலன் நேர் எதிராக முடிகிறது.

இதை விளக்க எனக்கு வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 43, வங்கி அதிகாரி. மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், நினைவு தப்பவில்லை. ஸ்கேன் நார்மல். மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தபோது, அவர் கணவர்தான் முதலில் பேசினார்: "எல்லா டெஸ்டும் நார்மல். மனசுலதான் ஏதோ இருக்குன்னு சொல்றா." மாமியார் இன்னும் ஒரு படி மேலே. "சமையல்கட்டுல குனிஞ்சா மட்டும் தலை சுத்தறதாம், சோபால உக்காந்தா சுத்தலையாம்!" என்று என் எதிரிலேயே சொன்னார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வைத்தியம் படித்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. குனிந்தால் சுற்றுகிறது, நேராக உட்கார்ந்தால் சுற்றவில்லை என்றால் அது பாசாங்கு அல்ல, காதுக்குள் இருக்கும் கோளாறு.

உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன மிகச் சிறிய துகள்கள், இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலையில் அடிபடும்போது சில துகள்கள் பெயர்ந்து, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் போய் விழுந்துவிடுகின்றன. பிறகு குனியும்போது, நிமிரும்போது, படுக்கையில் புரளும்போது அவை நகர்ந்து, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. அறையே சுற்றும், ஒரு நிமிஷத்துக்குள் நின்றும்விடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். நோயாளியைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்க்கிறோம். கருவிழி ஒரு பக்கமாகத் துடிக்கும். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு டாக்டர்கள் 1952-ல் சொன்ன பரிசோதனை. அந்த அம்மாவுக்கு வலது பக்கம் படுக்க வைத்ததும் கண் துடித்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதை யாராலும் வேண்டுமென்று செய்ய முடியாது" என்றேன். அவர் பேசவில்லை. அந்த அம்மா அழுதுவிட்டார். சுற்றலால் அல்ல, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதற்கு ஒரு சாட்சி கிடைத்ததால்.

சிகிச்சை சுலபம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர் வகுத்த முறை. தலையை ஒரு வரிசைப்படி ஒவ்வொரு நிலையிலும் சற்று நேரம் வைத்துத் திருப்பி, துகள்களை வந்த வழியே திருப்பி அனுப்புவது. பத்து நிமிஷ வேலை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகும். அடிபட்டதால் வந்ததானால் இரண்டு காதிலும் இருக்கலாம், திரும்பவும் வரலாம். அதனால் சில தடவை கூடுதலாகச் செய்ய நேரும். இதைப் படம் பார்த்துவிட்டு ஆத்தில் தானே செய்துகொள்ளாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இராது. கழுத்தில் அடிபட்டிருந்தால் ஆபத்தும் உண்டு.

அந்த அம்மாவுக்குப் படுக்கைச் சுற்றல் ஒரே வாரத்தில் போயிற்று. ஆனால் கடைக்குப் போனால் வரிசை வரிசையாக அடுக்கிய சாமான்களைப் பார்த்ததும் கிறுகிறுப்பு, பிடரியில் தொடங்கி நெற்றி வரை வரும் வலி, கம்ப்யூட்டரில் எண்கள் இரண்டாகத் தெரிவது ஆகியவை அப்படியே இருந்தன. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். இந்த நோயில் ஒரு காரணம் மட்டும் இருப்பது அபூர்வம்.

கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை அதிரும் அளவுக்குத் தலை ஆட்டம் கண்டால், அந்தத் தலையைத் தாங்கும் கழுத்து சும்மா இருக்குமா? கழுத்தின் மேல் மூன்று எலும்புகளின் நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் கழுத்தின் வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியும். 'தலைவலி' என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் கோளாறு கழுத்தில்தான். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி நிலைத்துவிடும் என்பது வேறு கதை. கழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். இதைச் சோதிக்கத் தலையில் ஒரு லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பிப் பழைய இடத்துக்கே வரச் சொல்கிறோம். வெளிச்சப் புள்ளி 7 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போய் நின்றால் கழுத்து தப்புக் கணக்குச் சொல்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். அதே விளக்கை வைத்துக்கொண்டே பயிற்சியும் கொடுக்கிறோம். சுவரில் ஒரு கோலம் வரைந்து, வெளிச்சப் புள்ளியை அதன் மேல் ஓட்டச் சொல்வேன். மாக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு, தலையால் கோலம் போடுவது சிரிப்பாகத்தான் இருக்கும்; ஆனால் ஆர்வமாகச் செய்வார்கள்.

கழுத்து என்றதும் ஒரு எச்சரிக்கை. முடி வெட்டும் இடத்தில் கழுத்தைச் 'சொடக்' என்று முறிப்பார்களே, அதற்குக் கழுத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் நாளம் கழுத்தெலும்புகளின் ஊடேதான் போகிறது. அடிபட்ட கழுத்தில் அந்த முறிப்பு பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

அடுத்தது கண்ணும் காதும் சேர்ந்து செய்யும் வேலை. நாம் நடந்துகொண்டே கடையின் பெயர்ப் பலகையைப் படிக்கிறோம். தலை ஆடுகிறது, எழுத்து ஆடுவதில்லை. உள்காது சொல்லும் தகவலை வைத்துக் கண் எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டுவதே காரணம். அதிர்ச்சிக்குப் பின் இந்த ஒத்துழைப்பு குலைந்துபோகும். பயிற்சி இதுதான்: தினசரி காலண்டரில் இருந்து கிழித்த தாளைக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டி, தேதியின் மேல் பார்வையை வைத்து, தலையை மட்டும் இடது வலமாக, பிறகு மேலும் கீழுமாக அரை நிமிஷம் ஆட்ட வேண்டும். எண் மங்கக்கூடாது. முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டு. 1940-களிலேயே இங்கிலாந்தில் காத்தோர்ன் என்ற காது மருத்துவரும் குக்ஸி என்ற டாக்டரும், தலைசுற்றல் உள்ளவர்களைப் படுக்க வைக்காமல் தலையையும் கண்ணையும் அசைக்க வைத்துக் குணப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். 80 வருஷத்துக்கு முந்திய வைத்தியத்தைப் பலர் இன்றும் எழுதிக்கொடுப்பதில்லை. தலைசுற்றல் மாத்திரையை எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். ப்ரோக்ளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை முதல் சில நாள் வாந்திக்கு நல்லதுதான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை தன்னைத் தானே சரிசெய்துகொள்வதற்கே அவை தடையாகிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

கண்கள் இரண்டும் கிட்டத்தில் ஒன்றுசேர்வதும் பாதிக்கப்படும். பென்சில் நுனியை மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால், 5, 6 செ.மீ. வரை ஒன்றாகத் தெரிய வேண்டும். அதற்கு வெகு முன்பே இரண்டாகத் தெரிந்தால் படிப்பும் கம்ப்யூட்டரும் கஷ்டமே. இதற்குக் கண் நிபுணரோடு சேர்ந்துதான் சிகிச்சை.

இந்தப் பயிற்சிகள் எல்லாம் முதலில் தலைசுற்றலைக் கிளப்பிவிடும். அதுதான் மருந்து. ஆனால் அளவு உண்டு. தொந்தரவுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொல்வேன். பயிற்சியில் 2 மார்க்குக்கு மேல் ஏறக்கூடாது. ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மறுநாள் குறைத்துச் செய்ய வேண்டும். "வலியைப் பல்லைக் கடிச்சுண்டு பொறுத்துண்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் சாமர்த்தியசாலிகளுக்குத்தான் இந்த வைத்தியம் நாளாகிறது.

கானடாவில் காத்ரின் ஷ்னைடர் என்ற பிசியோதெரபிஸ்ட் குழுவினர், கழுத்துக்கும் உள்காதுக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்ததை 2014-ல் வெளியிட்டார்கள். 12 முதல் 30 வயது வரை 31 பேர். எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்று டாக்டர் அனுமதித்தது, சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேர். பெறாத பிரிவில் நூற்றுக்கு 7 பேர். சின்ன ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சின்னதல்ல.

நான் சொன்ன அம்மாவுக்கு 11 வாரம் ஆயிற்று. முதல் இரண்டு வாரம் அரை நாள் ஆபீஸ், பிறகு முழு நாள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் சமயத்தில் கழுத்து வலி இன்னும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் என்னிடம் வந்த முதல் நாள் அவர் கைப்பையில் ராஜினாமா கடிதம் தயாராக இருந்தது. 20 வருஷ சர்வீஸ். "ஸ்கேன் நார்மல்" என்ற இரண்டு வார்த்தையை வீட்டில் தப்பாகப் புரிந்துகொண்டதால் அது போயிருக்கும்.

இன்னொருவர் வாத்தியார், வயது 68. பாத்ரூமில் வழுக்கித் தலை இடித்தது. அஞ்சு மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை. புத்தகத்தைக் குனிந்து பார்த்துப் பாராயணம் செய்து நிமிர்ந்தால் சுற்றல்; நமஸ்காரம் பண்ணி எழுந்திருக்க முடியவில்லை. ஹோமத்துக்குக் கூப்பிட்டால் வேறு ஒருவரை அனுப்பிவிடுவார். அவருக்கு அது வெறும் உபத்திரவம் அல்ல, ஜீவனம். டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுத்துக் கசிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் கை வைத்தேன். உள்காதுத் துகளுக்கு இரண்டு தடவை எப்லி முறை. ஆனாலும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் போகவில்லை. அஞ்சு மாதம் சுவரைப் பிடித்தே நடந்ததில் கால் பலமும் குறைந்திருந்தது. அவருக்குத் தினம் துளசி மாடத்தைச் சுற்றுவதையே பயிற்சியாக்கினேன். முதலில் நேராகப் பார்த்து, பிறகு ஒவ்வொரு அடிக்கும் தலையை இடம் வலம் திருப்பி, பிறகு எதிர்த்திசையில். "எதிர்த்திசையில் சுத்தப்படாதும்மா" என்றார். நியாயம்தான். அதை மட்டும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் செய்தார்.

கடைசியாக, இதயத் துடிப்பு. மாணவர்களுக்கு இது முக்கியம். பள்ளி மைதானத்தில் அடிபட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பையன். நுழைவுத் தேர்வு வரப்போகிறது என்று ஐந்து வாரம் இருட்டு அறையில் வைத்திருந்தார்கள். மாடிப்படி ஏறினாலே தலை விண்விண் என்றது. அதிர்ச்சிக்குப் பின் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தானியங்கி நரம்பு மண்டலம் தடுமாறுவதால் இப்படி ஆகிறது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜான் லெட்டி குழுவினர் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். டிரெட்மில்லில் நடக்க வைத்து, நிமிஷத்துக்கு நிமிஷம் ஏற்றத்தைக் கூட்டி, எந்தத் துடிப்பில் தலைவலி கிளம்புகிறது என்று குறித்துக்கொள்வது. அது 130 என்றால், அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 104-லிருந்து 117 வரை துடிப்பு இருக்கும் வேகத்தில் தினம் 20 நிமிஷம் நடக்க வேண்டும். வரம்பு மெல்ல மெல்ல ஏறும். 2019-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 103 இளைஞர்கள். இப்படி நடந்தவர்கள் குணமாக 13 நாள் ஆயிற்று; கை கால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். நாலு நாள்தானே என்று தோன்றலாம். பரீட்சை எழுதும் பையனைக் கேளுங்கள், நாலு நாளின் அருமை தெரியும். இந்த ஆய்வுகள் இளைஞர்களிடம் நடந்தவை. 70 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தக்கூடாது. இதயப் பரிசோதனை முதலில். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்புக் கணக்கே மாறிவிடும்.

அந்தப் பையனுக்குப் படிப்பும் அதே போலத்தான். 20 நிமிஷம் படிப்பு, 10 நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு என்று தொடங்கி ஏற்றினோம். பள்ளிக்கு முதலில், மைதானத்துக்குப் பிறகு. டாக்டர் அனுமதிக்கும் வரை பந்து விளையாட்டு கூடாது. ஆறுவதற்கு முன் இன்னொரு அடி விழுவது மிக ஆபத்து.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்று தனித் துறையே உண்டு, வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் உண்டு. மற்ற ஊர்களில், நரம்பியல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ "வெஸ்டிபுலர் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் யார்?" என்று கேளுங்கள். போன இடத்தில் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல், கண் அசைவைப் பார்க்காமல், கரண்ட் வைத்து ஒத்தடம் கொடுத்து மட்டும் அனுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி நேரம்

கேள்வி: எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

பதில்: தாராளமாக, மாமா. காயம் ஆறியிருக்க வேண்டும். தேய்த்துவிடுகிறவர் தலையை உலுக்கி, கழுத்தைத் திருகக்கூடாது. அதைவிட, எண்ணெய்க் காலோடு பாத்ரூமில் நடப்பதுதான் பயம். ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தினமும் யோகா செய்கிறேன். போன மாதம் தலையில் இடித்துக்கொண்டேன். தொடரலாமா?

பதில்: மாமி, மூச்சைக் கவனித்து மெதுவாக விடும் பயிற்சி நல்லது. வேகமாக மூச்சு விடுவது, வெகுநேரம் அடக்குவது, சிரசாசனம், சர்வாங்காசனம் இவற்றைத் தொந்தரவு முழுவதும் போன பிறகு, டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். சூரிய நமஸ்காரம் குனிந்து நிமிர்வது. சுற்றல் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் அசைவுகளில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் பயன் உண்டா?

பதில்: உண்டு. உள்காதுத் துகளுக்கு நாள் கணக்கே இல்லை. எப்போது செய்தாலும் பலன் தரும். கழுத்தும் பயிற்சிக்குக் கேட்கும். ஆனால் ஒன்றரை வருஷத்தில் தூக்கம் கெட்டிருக்கும், மனம் சோர்ந்திருக்கும். அவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். மனநல டாக்டரிடம் அனுப்பினால், "அப்போ எல்லாம் மனசுதானா?" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வலியோடு ஒன்றரை வருஷம் இருந்தால் யாருக்கும் மனசு தளரும்.

கேள்வி: என் பெண் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து குணமாகிவிட்டாள். மறுபடி ஓட்ட விடலாமா?

பதில்: நின்ற இடத்தில் சட்டென்று தோள் வழியே திரும்பிப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றக்கூடாது, கழுத்து பிடிக்கக்கூடாது. வேகமாக நடந்துகொண்டே தூரத்துப் பலகையைப் படிக்க வேண்டும். மயக்கம் தரும் மாத்திரை எதுவும் சாப்பிடக்கூடாது. டாக்டரும் சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் ஆரம்பிக்கட்டும். முக்கியமாக, விழுந்த அன்று போட்டிருந்த ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. வெளியே கீறல்கூடத் தெரியாது; உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதிது ஒன்று வாங்கிக் கொடுங்கள். பழையதை வாட்ச்மேனுக்கோ வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைக்கோ கொடுத்துவிடாதீர்கள்; உடைத்துக் குப்பையில் போடுங்கள்.